ஒரே நிரலை எத்தனை முறை எழுதுவது?

நிறுவனத்தின் ஒரு மூலையில் ஒருவர் எழுதியதை இன்னொரு மூலையில் இருப்பவர் எடுத்துப் பயன்படுத்தவும், பிழை கண்டால் திருத்தவும் வழி இருக்கிறதா? கண்டியின் மென்பொருள் இளைஞர்களின் எதிர்காலம் இந்தக் கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

இலங்கையில் மென்பொருள் எழுதும் எவரும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு நாளாவது மல்லுக்கட்டியிருப்பார். வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிப் பதிவு, பல்கலைக்கழக அனுமதி, லீசிங் விண்ணப்பம் என்று எதை எடுத்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்த இலக்கம்தான். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 2016இல் வந்த புதிய முறையில் மொத்தம் 12 இலக்கங்கள்; ஆண்டு நான்கு இலக்கத்தில் முழுதாக வரும்.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. நாட்களை எண்ணும்போது எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே கணக்கு. லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் அட்டையில் 560 என்று எதிர்பார்ப்போம், இருப்பதோ 561. இது தெரியாமல் எழுதிய நிரல், அத்தகைய ஆண்டுகளில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அத்தனை பேரின் பிறந்தநாளையும் ஒரு நாள் தள்ளிக் காட்டும்.

இந்தக் கணக்கை எழுத இருபது முப்பது வரி போதும். எளிதாக இருப்பதால்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரே நிதி நிறுவனத்தில் லீசிங் பிரிவின் மென்பொருளில் ஒன்று, சேமிப்புக் கணக்கில் இன்னொன்று, கைத்தொலைபேசிச் செயலியில் மூன்றாவது என்று ஒரே கணக்கு மூன்று பேர் கையால் மூன்று விதமாக எழுதப்பட்டுக் கிடக்கலாம். ஒன்றில் பெப்ரவரி நுணுக்கம் இருக்கும், மற்றதில் இராது. ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே நிறுவனத்தில் இரண்டு பிறந்தநாள் உண்டாவது இப்படித்தான்.

வரிக் கணக்கு இதைவிடக் கடுமையானது. பெறுமதி சேர் வரி 2019 டிசம்பர் 1ஆம் திகதி 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது. 2022 ஜூன் 1ஆம் திகதி 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி 15. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18. ஐந்து ஆண்டுக்குள் நான்கு மாற்றங்கள். இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது. வீதத்தை மாற்றினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. டிசம்பரில் விற்ற பொருளை வாடிக்கையாளர் ஜனவரியில் திருப்பித் தந்தால், டிசம்பர் வீதத்தில்தான் கழிக்க வேண்டும். ஆகவே வீதம் திகதியோடு சேர்ந்து வாழ வேண்டும். இந்த அறிவை நிறுவனத்தில் ஒருவர் ஒரு முறை சரியாக எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தால், ஒவ்வொரு வர்த்தமானி அறிவித்தலுக்கும் ஓரிடத்தில் ஒரு மாற்றம் போதும். வைக்காத இடத்தில் ஒவ்வொரு குழுவும் நள்ளிரவு வரை விழித்திருக்கும்.

1968இல் எழுந்த கேள்வி

மென்பொருளை மீண்டும் பயன்படுத்தும் கனவு, மென்பொருள் பொறியியல் என்ற துறையோடு கூடவே பிறந்தது. 1968 ஒக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் ஒரு யோசனையை முன்வைத்தார். மற்றப் பொறியியல் துறைகள் உதிரிப்பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து, பட்டியல் பார்த்து வாங்கிப் பொருத்துகின்றன. மென்பொருளும் அந்த நிலைக்கு வர வேண்டும் என்றார்.

கம்பனிகள் முயன்றன. பொது உதிரிப்பாகங்கள் செய்ய மையக் குழு ஒன்றை வைத்தன. நடைமுறையில் அந்தக் குழுவின் வாசலில் வரிசை நீண்டது. விற்பனைக் குழுவுக்கு ஒரு சிறு மாற்றம் வேண்டும். மையக் குழுவோ ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறது. விற்பனைக் குழு காத்திருக்குமா? நிரலைப் பிரதி எடுத்துத் தன் பக்கம் வைத்துத் தானே திருத்திக்கொண்டது. அடுத்த குழுவும் அதையே செய்தது. பொதுவாக இருந்தது ஐந்து பிரதியாகப் பிரிந்து, ஐந்தும் ஐந்து திசையில் வளர்ந்தன. ஒரு பிரதியில் திருத்திய வழு மற்ற நான்கிலும் உயிரோடு இருந்தது.

விடை வெளியிலிருந்து வந்தது. 1991இல் தொடங்கிய லினக்ஸ் போன்ற திறமூல முயற்சிகளில், ஒருவரையொருவர் முகம் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் ஒரே நிரலில் வேலை செய்தார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், ஏற்பதா விடுவதா என்று பொறுப்பாளர் பார்த்துச் சொல்வார், விவாதம் முழுவதும் எழுத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நடக்கும். இந்த முறையை ஒரு கம்பனியின் மதிலுக்குள் கொண்டு வந்தால் என்ன என்ற எண்ணத்துக்கு 2000இல் பதிப்பாளர் டிம் ஓரைலி ஒரு பெயர் கொடுத்தார். இன்று அதை இன்னர்சோர்ஸ் என்கிறோம். நிரல் வெளி உலகத்துக்குத் திறக்கப்படுவதில்லை; கம்பனிக்குள் மட்டும் எந்தக் குழுவுக்கும் திறந்திருக்கும்.

ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தார் தங்கள் அனுபவத்தை 2002இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். லூசென்ட் நிறுவனத்தின் கதை இன்னும் சுவையானது. இணையவழித் தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் மென்பொருள் ஒன்று அங்கே சிறிய அளவில் தொடங்கியது. அதன் நிரல் கம்பனிக்குள் திறந்து வைக்கப்பட்டதும் மற்றப் பிரிவுகள் எடுத்துப் பயன்படுத்தின. தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துத் திருப்பி அனுப்பின. பங்களிப்பு பெருகியபோது அதைப் பராமரிக்கவே ஒரு மூலக் குழு அமைக்க வேண்டி வந்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் இத்துறையில் பாடமாக எடுக்கப்படுகிறது. பிலிப்ஸின் மருத்துவக் கருவிப் பிரிவும், 2009 முதல் பொஷ் நிறுவனமும் இதே பாதையில் நடந்தன. 2015இல் பேபால் நிறுவனத்தில் இருந்த டனீஸ் கூப்பர், இந்த அனுபவங்களைக் கம்பனிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள இன்னர்சோர்ஸ் கொமன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

மையக் குழு முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு விஷயத்தில் இருக்கிறது. அங்கே தேவைப்படுபவர் கேட்டுக் காத்திருப்பார். இங்கே தேவைப்படுபவரே எழுதுவார், பொறுப்பாளர் சரிபார்ப்பார். வரிசை கரைகிறது, நிரல் பிளவுபடாமல் ஒன்றாக இருக்கிறது.

கொழும்பில் நடந்த பெரிய பரீட்சை

இந்த வழக்கம் இலங்கைக்குப் புதிதல்ல. சஞ்சீவ வீரவரணவும் தோழர்களும் 2003இல் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைத் தொடங்கியபோதே, இங்கிருந்து உலகத் திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பது அதன் நோக்கமாக இருந்தது. அப்பாச்சி அமைப்பின் ஆக்சிஸ் 2 திட்டத்தில் இலங்கையர் கை பெரிதாக இருந்தது. கூகுளின் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் மொறட்டுவை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. காணாமற்போனவர் விவரம், முகாம்கள், வந்து குவிந்த நிவாரணப் பொருட்கள் இவற்றைப் பதிவு செய்ய எந்த மென்பொருளும் இல்லாத நிலையில், தொண்டர்கள் ஒன்றுகூடி எழுதியது சஹானா. அது திறந்திருந்ததால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் பயன்பட்டது. ஒரு பேரிடரில் கற்ற பாடம் அடுத்த பேரிடருக்கு நிரலாகவே போய்ச் சேர்ந்தது.

ஒரே கம்பனிக்குள் நிரலைப் பொதுவாக்கிய மிகப் பெரிய இலங்கை உதாரணம் டபிள்யூஎஸ்ஓ2. 2005இல் வீரவரண, போல் ஃப்ரீமண்டில் ஆகியோர் தொடங்கிய இந்த நிறுவனம், வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் இடைநிலை மென்பொருள் செய்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு தயாரிப்பும் தனித்தனியாக வளர்ந்தது. செய்திகளை வழிநடத்தும் தயாரிப்பு ஒரு பக்கம், பயனர் அடையாளத்தைக் கவனிக்கும் தயாரிப்பு இன்னொரு பக்கம், பதிவேடு வேறு பக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் பயனர் நிர்வாகம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், நிர்வாகத் திரை வேண்டும், நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு வேண்டும்.

2009இல் அவர்கள் கார்பன் என்ற பொது அடித்தளத்தை வெளியிட்டார்கள். தயாரிப்புகளை அதன் மேல் திரும்பவும் கட்டினார்கள். பொதுவானவை எல்லாம் அடித்தளத்துக்குப் போயின. ஒவ்வொரு தயாரிப்பும் அதன் மேல் சில பாகங்களைச் சேர்த்த தொகுப்பாக மாறியது. புதிய தயாரிப்பு தொடங்கும் குழுவுக்குக் கடவுச்சொல் திரையிலிருந்து ஆரம்பிக்கும் சங்கடம் நீங்கியது. ஒரு தயாரிப்பின் திரையைக் கற்றவருக்கு அடுத்ததின் திரையும் பழக்கமாக இருந்தது. நிரல் முழுவதும் அப்பாச்சி உரிமத்தில் உலகுக்கே திறந்திருந்ததால், கம்பனியின் எந்தக் குழுவும் எந்தப் பகுதியையும் படிக்க முடிந்தது.

அதற்கு விலையும் உண்டு. பொது அடித்தளத்தில் ஒரு மாற்றம் வந்தால் அதன் மேல் நிற்கும் எல்லாத் தயாரிப்பையும் திரும்பச் சோதிக்க வேண்டும். கண்டெய்னர் தொழில்நுட்பமும் மேகக் கணிமையும் பரவிய காலத்தில் சின்னதாக, வேகமாகத் தொடங்கும் மென்பொருளையே வாடிக்கையாளர் விரும்பினர். நிறுவனமும் இலகுவான வடிவங்களை நோக்கி நகர்ந்தது. பொதுவாக்குவதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. பொதுவானதை இளைக்க வைப்பதும், தேவை மாறும்போது பிரிப்பதும் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. 2024இல் சுவீடனின் ஈகியூடி நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2வை வாங்கியபோது கைமாறிய சொத்தில், இப்படி ஆண்டுக்கணக்கில் திறந்த முறையில் வேலை செய்து பழகிய பொறியியலாளர்களின் ஒழுங்கும் அடங்கும்.

பேராதனையின் பழக்கம்

கண்டி மாவட்டத்தில் இந்த வழக்கத்துக்கு ஒரு நாற்றங்கால் ஏற்கனவே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் கணினிப் பொறியியல் துறை, மாணவர்களின் செயற்திட்டங்களை ஒரே கிட்ஹப் கணக்கின் கீழ் வைத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் செய்த சிறு கருவியிலிருந்து இறுதி ஆண்டு ஆய்வு வரை நிரலும் விளக்கமும் அங்கே பார்க்கக் கிடைக்கும். அவற்றைத் தொகுத்துக் காட்டும் இணையதளத்தைக் கட்டியதும் மாணவர்கள்தாம். அண்ணன்மார் விட்ட இடத்திலிருந்து தம்பிமாரும் தங்கைமாரும் தொடர முடிகிறது. பெராஸ்வோர்ம் என்ற கூட்ட ரோபோத் திட்டம் அப்படிப் பல அணி மாணவர்களின் கைபட்டு வளர்ந்தது. சின்னஞ்சிறு ரோபோக்கள் சேர்ந்து இயங்குவதை ஆராயும் அந்தத் தளத்தில் நிஜ ரோபோக்களும் கணினிக்குள் வாழும் ரோபோக்களும் ஒன்றாக இயங்கும்.

இங்கிருந்து போனவர்கள் உலகத் திறமூலத்திலும் தடம் பதித்திருக்கிறார்கள். நானோபோர் முறையில் வாசிக்கப்படும் மரபணுத் தரவுகளை அலசும் நானோபாலிஷ் என்ற திறமூல மென்பொருளை, வரைகலைச் செயலிகளில் வேகமாக ஓடும்படி மறுவடிவமைத்த எஃப்5சி என்ற கருவி 2020இல் வெளியானது. அதன் பின்னணியில் பேராதனையில் படித்தவர்களின் உழைப்பு இருக்கிறது. இன்னொருவர் எழுதியதை முழுமையாகப் படித்து, புரிந்து, மதித்து, மேம்படுத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பொதுவில் கட்டிப் பகிரும் மனம் இந்த வளாகத்தில் இன்னொரு வடிவத்திலும் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு பேராதனையிலிருந்துதான் இயங்குகிறது. 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் மாணவர் வீட்டிலிருந்து விரிவுரை கேட்க அந்தப் பொது வலையமைப்பு கைகொடுத்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குத் தனக்கென்று ஏற்பாடு தேடியிருந்தால் அந்த வேகம் வந்திராது.

இந்தப் பழக்கத்தோடு பட்டம் பெற்று வெளியே வரும் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பூட்டிய அறைகளைச் சந்திக்கிறது. பக்கத்துக் குழுவின் நிரலைப் பார்க்க அனுமதி இல்லை. கேட்டால் ஏன் என்று கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் நான்கு ஆண்டு பழக்கிய நல்ல பழக்கத்தை அலுவலகம் சில மாதத்தில் மறக்கடிக்கிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

கண்டியிலிருந்து பார்க்கும்போது

கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே 115 கிலோமீற்றர் தூரம். கடுகண்ணாவை ஏற்றமும் வாகன நெரிசலும் சேர்ந்தால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். கொரோனாவுக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் கம்பளையிலும் தங்கள் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் வேலை செய்வோர் பெருகியிருக்கிறார்கள். வாடகை மிச்சம், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு வளரலாம். நல்ல வாழ்க்கைதான்.

ஆனால் முடிவுகள் கொழும்பு அலுவலகத்தின் தேநீர் வேளையில் எடுக்கப்பட்டால், கண்டியில் இருப்பவர் எப்போதும் செய்தியைக் கடைசியாக அறிபவராகவே இருப்பார். எந்தக் குழு எதை எழுதிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஏற்கனவே இருப்பதையே திரும்ப எழுதுவார். திறமை இருந்தும் பதவி உயர்வில் பின்தங்குவார், ஏனென்றால் அவர் திறமையைக் கண்ணால் கண்டவர் இல்லை.

விவாதம் எழுத்துக்கு வந்து, நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது இந்தத் தூரம் சுருங்குகிறது. கண்டியில் இருக்கும் இளம் பெண் ஒருத்தி, கொழும்பிலுள்ள மூத்த குழுவின் நிரலில் ஒரு பிழையைக் கண்டு திருத்தி அனுப்பினால், அந்தத் திருத்தத்தில் அவள் பெயர் நிற்கும். அதை ஏற்றவர் ஏன் ஏற்றார் என்பதும் நிற்கும். ஆண்டு இறுதியில் மதிப்பீட்டுக்கு உட்காரும்போது அவளுக்காகப் பேச அந்தப் பதிவே போதும்.

இன்னொரு காரணம் இதைவிட அவசரமானது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏராளமான பொறியியலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள்; இன்னும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒருவர் மட்டும் அறிந்த நிரல் அவரோடு விமானம் ஏறிவிடுகிறது. எஞ்சியவர்கள் அதைத் தொடப் பயப்படுகிறார்கள். கடைசியில் புதிதாக எழுதுகிறார்கள். எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் திருத்தினார்கள், ஏன் இப்படி எழுதப்பட்டது என்ற வரலாறு கூடவே இருக்கும் நிரல், ஆள் போன பிறகும் நிற்கும். ஆட்கள் போய்க்கொண்டிருக்கும் நாட்டுக்கு இந்த முறை மற்ற நாடுகளை விட அதிகமாகத் தேவை.

தமிழ் தெரிந்தவர் ஒருவர் போதும்

கண்டியில் இயங்கும் எந்தச் சேவைக்கும் மூன்று மொழி வேண்டும். தமிழைக் கணினியில் சரியாகக் கையாள்வதில் வெளியே தெரியாத நுணுக்கங்கள் பல. 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் ஒரு மெய்யும் ஓர் உயிர்க் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. பெயரை இருபது குறியீட்டோடு வெட்டும் நிரல், எழுத்தின் நடுவே வெட்டிக் கொம்பையோ புள்ளியையோ துண்டித்துவிடும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70 குறியீடுதான். அந்தக் கணக்குத் தெரியாமல் எழுதப்பட்ட வங்கிச் செய்தி இரண்டாக உடைந்து, செலவும் இரட்டிப்பாகும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை அலுவலகம் அலுவலகமாக இன்னும் நடக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கும் நம் பெயர்முறையை, குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கும் படிவம் ஏற்பதில்லை. மலையகப் பிள்ளைகளின் சான்றிதழ்களில் பெயர் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கம்பனியில் தமிழ் தெரிந்த நிரலாளர்கள் சிலரே இருப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் நிரல் பொதுவாக இருந்தால் ஒருவர் போதும். அவர் பெயர்ப் படிவத்தை ஒரு முறை திருத்தினால் காப்புறுதி, கடன், சம்பளப் பட்டியல் என்று அதைப் பயன்படுத்தும் அத்தனை மென்பொருளிலும் தமிழ்ப் பெயர் சரியாக நிற்கும். எண்ணிக்கையில் சிறியவர்களின் அறிவு முழு நிறுவனத்துக்கும் பாயும் வழி இது. மொழி உரிமையைப் பற்றிப் பேசும் நாம் இந்த வழியையும் பேச வேண்டும்.

பொது நிரலில் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதன் பலனை சுகாதாரத் துறையில் நாடே கண்டது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட டிஎச்ஐஎஸ்2 என்ற திறமூலச் சுகாதாரத் தகவல் மென்பொருளை இலங்கை ஏற்கனவே பயன்படுத்தி வந்தது. 2020 ஜனவரியில் கொரோனா அச்சம் எழுந்ததும் நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்கும் பகுதியை இங்குள்ள வல்லுநர்கள் அதன் மேல் விரைவாகக் கட்டினார்கள். அது மூலத் திட்டத்துக்குத் திரும்பிப் போய், மற்ற நாடுகளுக்கும் அடிப்படையானது. எடுத்தோம், சேர்த்தோம், திருப்பிக் கொடுத்தோம்.

எடுத்ததெல்லாம் பொருந்தாது

மீள்பயன்பாட்டைக் கண்மூடி ஆதரிப்பதும் ஆபத்து. 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் ஆரியன் 5 ராக்கெட் முதல் முறையாகப் புறப்பட்டு, 40 வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு ஆய்வுச் செய்மதிகளும் அழிந்தன. காரணம், ஆரியன் 4இலிருந்து அப்படியே எடுத்த வழிகாட்டி மென்பொருள். பழைய ராக்கெட்டில் கிடைமட்ட வேகம் ஓர் எல்லைக்குள் இருந்தது. புதியது வேகமானது. 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்க முயன்றபோது நிரல் நின்றது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. இதில் நெஞ்சைச் சுடுவது ஒன்று: அந்தக் கணக்கு ஆரியன் 5இல் புறப்பட்ட பிறகு தேவையே இல்லை.

பழைய நிரல் எந்த நிபந்தனையில் சரி என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். எடுப்பவர் அதைத் தன் சூழலில் சோதிக்க வேண்டும். பிரதி எடுத்து ஒட்டுபவரிடம் இந்த இரண்டும் இருப்பதில்லை. பொதுக் களஞ்சியத்தில் எழுதியவரும் எடுப்பவரும் பேசிக்கொள்ள இடம் உண்டு; அதுவே பாதுகாப்பு.

இன்னொரு பாடம் 2021 டிசம்பரில் கிடைத்தது. லொக்4ஜே என்ற, உலகெங்கும் பயன்படும் பதிவு நிரலில் பெரும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அன்று எல்லாக் கம்பனிகளும் கேட்ட முதல் கேள்வி, நம்மிடம் அது எங்கெங்கே இருக்கிறது என்பதுதான். எந்தப் பாகம் எதில் இருக்கிறது என்று பொதுப் பதிவு வைத்திருந்தவர்கள் விரைவாகப் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் கிறிஸ்மஸ் விடுமுறையைத் தேடுவதில் கழித்தார்கள்.

பொதுவாக எழுதுவது கூடுதல் உழைப்பு என்பதையும் மறைக்கக் கூடாது. தனக்காக மட்டும் எழுதும் நிரலைவிட, பிறரும் நம்பிப் பயன்படுத்தும் தயாரிப்பாக்க மூன்று மடங்கு செலவாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதினார். ஆகவே எல்லாவற்றையும் பொதுவாக்கத் தேவையில்லை. மூன்று இடத்தில் வேண்டும் என்று தெரிந்ததைப் பொதுவாக்கினால் செலவு திரும்பி வரும்.

தடை மனிதரிடம்

கருவிகளுக்குக் குறைவில்லை. தடையாக இருப்பது அலுவலக வழக்கம். 'என் ஆளின் நேரத்தை அடுத்த குழுவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்று முகாமையாளர் கேட்கிறார். அவருடைய இலக்கு அவருடைய திட்டம் மட்டும்தான் என்று மேலிடம் வைத்திருக்கும்போது அவர் கேட்பது நியாயம். 'வெளியாள் எழுதியதில் நாளை கோளாறு வந்தால் நான்தானே திருத்த வேண்டும்?' என்று பொறுப்பாளர் அஞ்சுகிறார். அதுவும் நியாயம். இதற்கு உலகக் கம்பனிகள் ஒரு நடைமுறை கண்டிருக்கின்றன: பங்களித்த குழு 30 நாட்களுக்கு அந்தப் பகுதிக்குப் பொறுப்பேற்கும், அதற்குள் வரும் வழுக்களை அதுவே திருத்தும். பயம் தணிந்து வாசல் திறக்கிறது.

நம் சமூகத்தில் மூன்றாவது தடை ஒன்றும் உண்டு. இளையவர் மூத்தவரின் நிரலில் பிழை சொல்லத் தயங்குகிறார்; சேர் கோபிப்பார் என்ற எண்ணம். மூத்தவர்களே தங்கள் நிரலை முதலில் திறந்து, வரும் திருத்தத்துக்கு எல்லோர் முன்னிலும் நன்றி சொன்னால் இந்தத் தயக்கம் கரையும். மரியாதையும் திருத்தமும் ஒரே வரியில் வாழலாம்.

தொடங்க நினைக்கும் நிறுவனத்துக்கு

• எல்லாக் குழுக்களுக்கும் தேவையான ஒரு சிறு நிரலைத் தெரிவு செய்யுங்கள். வரிக் கணக்கு, தமிழ் உரை கையாளல் போன்றவை நல்ல தொடக்கம்.

• கம்பனிக்குள் அனைவரும் படிக்கும்படி வையுங்கள். வாடிக்கையாளர் விவரமும் கடவுச்சொற்களும் அதில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

• எதற்கு, எந்த நிபந்தனையில், எப்படிச் சோதிப்பது என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

• பெயர் குறிப்பிட்டு ஒரு பொறுப்பாளரை வையுங்கள். வந்த திருத்தத்துக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் எழுதுங்கள்.

• பங்களிப்பை ஆண்டு மதிப்பீட்டில் எண்ணுங்கள். எண்ணாத உழைப்பை யாரும் நீண்ட நாள் தரமாட்டார்கள்.

இந்த ஐந்துக்கும் பெரிய முதலீடு வேண்டாம். ஒரு முகாமையாளரின் சம்மதம் வேண்டும். பேராதனை தன் மாணவர்களுக்குத் திறந்து வேலை செய்யக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் அந்தக் கல்வியை மதிக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர்களும் சம்பளத்தோடு சேர்த்து ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: அடுத்த குழுவின் நிரலை நான் படிக்கலாமா? ஆம் என்று சொல்லும் நிறுவனத்தில் கண்டியில் இருந்தபடியே ஒருவர் தலைமைப் பொறியியலாளராக வளர முடியும். இல்லை என்று சொல்லும் நிறுவனம், கேட்பவர் தொகை கூடும்போது பதிலை மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொள்ளும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.